அந்தச் சந்தையை நிறுத்தச் சொல்ல வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்காபரோவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கிளிநொச்சி மாவட்டத்தில் நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்கில், காலபோக அறுவடை முடிந்ததும் கோயில் வளவில் நடக்கும் சந்தையையும் ஏலத்தையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மண்டபக் கூரைக்கு வேண்டிய காசை அங்கே பத்துப் பேர் சேர்ந்தால் ஒரே நாளில் அனுப்பிவிடலாம், பிறகு எதற்கு இந்தச் சனம் மாவிடித்து, பலகாரம் சுட்டு, வெயிலில் நின்று விற்க வேண்டும், அவர்கள் பட்டது போதாதா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் பாசம் எனக்கு விளங்காமல் இல்லை. என்றாலும் என் பதில், வேண்டாம் என்பதுதான். காசை அனுப்புங்கள், அது எதற்கு உதவும் என்று கீழே எழுதுகிறேன். சந்தையை நிறுத்தும்படி பங்குத்தந்தைக்கு மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் ஊரை விட்டுப் போன காலத்தில் அந்தப் பங்கில் யார் யார் இருந்தார்களோ, அவர்களில் பாதிப் பேர் இன்று அங்கே இல்லை. இப்போது இருப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வன்னி என்பது ஒரே வேரில் முளைத்த ஊர்களின் கூட்டம் அல்ல. கிளிநொச்சிப் பக்கம் இரணைமடுக் குளத்து நீரை நம்பி 1930களில் குடியேற்றத் திட்டம் வந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் காணியில்லாத குடும்பங்கள் வந்தன. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் மலையகத் தமிழர்கள் தோட்டங்களை விட்டு வந்து காடு வெட்டிக் குடியிருந்தார்கள். 1995இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவேயில்லை. கரையோரத்திலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பங்களும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ்தான் முழங்காலில் நிற்கிறார்கள். பூசை முடிந்ததும் ஒவ்வொரு கூட்டமும் தன் தன் ஒழுங்கை வழியே போய்விடும். பத்து வருடம் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்தும் பெயர் தெரியாதவர்கள் உண்டு. சாதியும் இருக்கிறது, அதை மறைத்து உங்களுக்கு எழுத நான் விரும்பவில்லை.

இப்படிப்பட்ட ஒரு பங்கில் சமூகம் என்பது ஏற்கெனவே இருக்கும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பேச முடியாது. அதை வருடாவருடம் உண்டாக்க வேண்டியிருக்கிறது. பிரசங்கத்தால் அது முழுதாக நடந்ததை நான் கண்டதில்லை. கிடாரம் இரவல் வாங்கப் போகும்போது நடக்கிறது.

இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. சந்தைக்கு மூன்று கிழமை இருக்கும்போதே வேலை தொடங்கிவிடும். கூட்டத்தில் முதலில் எழும்பும் பிரச்சினை பாத்திரம். பெரிய கிடாரம் பிள்ளையார் கோயிலில்தான் இருக்கிறது. பரிபாலன சபைத் தலைவரிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் கிடாரத்தோடு அகப்பையையும் சல்லடையையும் கொடுத்து, "வடை சுடுறதுக்கு எங்கட ஆச்சி ஒருத்தி இருக்கிறா, அவவையும் கூப்பிடுங்கோ" என்பார். பந்தல் தகரமும் கதிரைகளும் கமக்காரர் அமைப்பிடமிருந்து வரும். மேசைகள் பாலர் பாடசாலையிலிருந்து. ஒலிபெருக்கிக்காரர் பாதி வாடகை போதும் என்பார், அவருடைய மகள் படிப்பது அருட்சகோதரிகளின் முன்பள்ளியில். பிறகு பிள்ளையார் கோயில் திருவிழா வரும்போது எங்கள் ஜெனரேற்றர் அங்கே போகும். வன்னியில் மதமாற்றம் பற்றிய முறுகல் இருக்கிறது. சில ஊர்களில் புதிய சபைகளுக்கும் சைவ மக்களுக்கும் இடையில் கைகலப்பு வரை போயிருக்கிறது. அந்த முறுகல் உள்ள ஊரிலும் கிடாரம் மதில் தாண்டி வருகிறது என்றால், எந்தச் சமாதானக் குழுவின் கூட்டத்தையும்விட அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இவர்கள் பட்டது போதாதா என்கிறீர்கள். பட்டது என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஷெல்லும் சாவும் உங்களுக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிறகு வந்தது வேறொரு துன்பம், அது வெளியே அதிகம் தெரியாது. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். சோற்றுக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. அந்த முகாம் 2012 செப்ரெம்பரில்தான் முழுவதுமாக மூடப்பட்டது. மீள்குடியேறிய பிறகும் வரிசை முடியவில்லை. தகரத்துக்கு ஒன்று, 25,000 ரூபாய் கொடுப்பனவுக்கு ஒன்று, நிவாரண அட்டைக்கு ஒன்று. இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்குக் கிழக்குக்கும் மலையகத்துக்கும் சேர்த்து 50,000 வீடுகள் வந்தன. அதற்குப் புள்ளி போட்டுப் பட்டியல் எழுதினார்கள். யார் வீட்டில் செத்தவர் எத்தனை பேர், யாருக்குக் கால் இல்லை, யார் புருசன் காணாமற்போனவர் என்று கேட்டு எழுதினார்கள். அந்த உதவிகள் வந்திருக்காவிட்டால் சனம் செத்திருக்கும், நன்றி மறக்கக்கூடாது. ஆனால் வருடக்கணக்காக ஒரு தாய் தன் துயரத்தை எடுத்துச் சொல்லிச் சொல்லியே அரிசி வாங்கினால் அவளுக்குள் என்ன நடக்கும்? கையில் ஒன்றும் இல்லாதவளாகவே எப்போதும் அடுத்தவர் முன் போய் நிற்கிறாள்.

சந்தையன்று அவள் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள்.

போன மாசியில் நான் பார்த்த ஒரு மேசையைச் சொல்கிறேன். பாலர் பாடசாலையின் குட்டை மேசை, அதற்கு மேல் பழைய சேலை விரித்திருந்தது. வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், ஒடியல் மா, ஒரு பிளாஸ்ரிக் வாளியில் பயற்றம் பணியாரம். கொப்பித் தாளைக் கிழித்து நீல மையால் விலை எழுதி, காற்றுக்குப் பறக்காமல் அதன்மேல் ஒரு தேங்காய்ப் பாதியை வைத்திருந்தார் அந்த அம்மா. கணவர் இல்லை. மூத்த மகனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எத்தனையோ தரம் ஒரு கையெழுத்துக்காகக் கச்சேரி விறாந்தையில் காத்திருந்தவர். நான் நின்ற நேரம், அப்படி அவர் காத்திருந்த அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் உத்தியோகத்தர் மனைவியோடு வந்து வடகத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, "கடைசி விலை என்ன அம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா நிமிர்ந்து, "எழுதியிருக்கிறதுதான் தம்பி. இது கோயில் காசு, குறைக்க ஏலாது" என்றார். குரலில் கோபமும் இல்லை, பணிவும் இல்லை. வேண்டுமென்றால் வாங்கு, இல்லையென்றால் அடுத்த ஆள் நிற்கிறது என்கிற சாதாரணக் கடைக்காரியின் குரல். அந்த உத்தியோகத்தரும் நல்ல மனுசன், சிரித்துவிட்டு இரண்டு பக்கற் வாங்கினார். அந்தக் குரலை அந்த அம்மாவிடமிருந்து நான் அதற்கு முதல் கேட்டதில்லை. இதை ரொறன்ரோவிலிருந்து வங்கிமூலம் அனுப்ப முடியாது.

இப்போது ஏலம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஆனாலும் உங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு முதல் விளைச்சலில் ஒன்று வரும். ஒரு மூட்டை நெல், ஒரு குலை வாழைப்பழம், சேவல், ஆட்டுக்குட்டி, முல்லைத்தீவுப் பக்கத்துச் சொந்தக்காரர் கொண்டுவந்த எருமைத் தயிர்ச் சட்டி, காட்டுத் தேன் போத்தல், கச்சான் மூட்டை. ஒன்றுமே இல்லாத வீட்டிலிருந்து நான்கு முட்டை வரும். மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களிலும் இதே வழக்கம்தான். தமிழ்நாட்டில் திருநெல்வேலிச் சபைகளின் அறுவடைப் பண்டிகைக்குப் போனாலும் இதையே காணலாம்.

ஒருமுறை, மைக்கைப் பிடித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக் காட்டினார். நூறு ரூபாயில் தொடங்கியது. இருநூறு, இருநூற்றைம்பது, முன்னூறு, முன்னூற்றைம்பது. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். முன்னூற்றைம்பதுக்கு எடுத்தவர் ஒரு கடைக்காரர், சைவக்காரர். காசைக் கட்டிவிட்டுக் காயைத் திருப்பி மேசையில் வைத்து, "திரும்பக் கூறுங்கோ மாஸ்ரர்" என்றார். அதே காய் மறுபடியும் ஏலத்துக்கு வந்தது. இந்தமுறை மீன் விற்கும் ஒரு பெண் எடுத்தார், அவரும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் முறை, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பொடியன்கள் ஆறேழு பேர் தங்களுக்குள் காசு சேர்த்தார்கள். சட்டைப்பையிலிருந்து நூறு, ஐம்பது என்று கசங்கிய தாள்கள். அவர்கள் கேட்டுக்கொண்டே போக, எதிர்ப் பக்கத்தில் தீவுப்பகுதிக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் விடாமல் கேட்டார். சனம் முழுக்கச் சத்தம் போட்டது. கடைசியில் பெரியவர், "பொடியளுக்கு விடுறன்" என்று கையைக் கட்டிக்கொண்டார். பொடியன்கள் காயைத் தோளில் தூக்கிக்கொண்டு நேரே சமையல் கொட்டிலுக்குப் போனார்கள். மத்தியானம் எல்லோருக்கும் அதுதான் கறி. அந்த ஒரு காய்க்காக மூன்று பக்கத்துச் சனமும் காசு கட்டியது, பிறகு ஒன்றாக இருந்து அதைச் சாப்பிட்டது. அந்தப் பொடியன்களில் ஒருவன் இப்போது பங்குச் சபையில் இருக்கிறான். அவர்களுடைய ஒழுங்கையிலிருந்து அதற்கு முன் யாரும் அங்கே இருந்ததில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற விஷயமா என்றால், இல்லை. போரில் இழந்தவர்களை விற்பனை மேசைக்குப் பின்னால் நிறுத்தும் யோசனைக்கு இருநூறு வருட வயது. நெப்போலியப் போர்கள் முடிந்த அடுத்த வருடம், 1816இல், லண்டன் சோஹோவில் ஜோன் ட்ரொட்டர் என்பவர் ஒரு பசார் திறந்தார். போரில் செத்த படையினரின் மனைவிமாரும் பெண்பிள்ளைகளும் தங்கள் கைவேலைகளை மரியாதையாக விற்க அங்கே சிறு சிறு கடைமேசைகளை நாள்வாடகைக்குக் கொடுத்தார். அது வியாபார இடம், கோயிற் சந்தை அல்ல. ஆனால் அதற்குப் பிறகு இங்கிலாந்தில் தரும காரியத்துக்கு நிதி சேர்க்கும் பசார்கள் பெருகி, கோயில்களுக்கும் வந்தன. மிசோரமில் 1910இல் பிரெஸ்பிற்றீரியன் சபைப் பெண்கள் சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். பூஃபாய் தாம் என்று அதற்குப் பெயர். இன்றும் நடக்கிறது, அந்த அரிசி விற்ற காசில் ஊழியர்களுக்குச் சம்பளம் போகிறது. நம்முடைய பிடியரிசியும் அதே வழக்கம்தான். உங்கள் பாட்டி அடுப்படியில் தனிப் பானை வைத்திருந்திருப்பா. யாழ்ப்பாணத்தில் சைவப் பள்ளிக்கூடங்களுக்கும் கோயில்களுக்கும்கூடப் பிடியரிசி சேர்த்த ஊர்கள் உண்டு. பிடியரிசி பணக்காரரின் காசோலையால் நடந்ததில்லை, இல்லாதவர்கள் தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்ததால்தான் நடந்தது.

மடு மாதா கோயிலடிக் கடைத்தெருவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு வவுனியா வழியாகப் பஸ்சில் போய், காட்டுக்குள் கொட்டில் போட்டுத் தங்கிய நாட்களைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மன்னார் மாவட்டம் என்றாலும் அது வன்னிக்காடுதான். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து கொண்டு வந்து காட்டுக்குள் மறைத்துக் காப்பாற்றிய மாதா. 1924இல் முடிசூட்டினார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது, ஓகஸ்ட் மாதம் திரும்பி வந்தது. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே வந்தபோது சிங்களவரும் தமிழரும் ஒரே வெயிலில் நின்றார்கள். வழிபாட்டைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அந்தக் கடைத்தெருவை நினைக்கிறேன். நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வரும் அம்மாமார் நம் ஆட்களின் கச்சான் கடையில் அரைகுறைத் தமிழில் விலை கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் சிங்கள வியாபாரியிடம் விளையாட்டுச் சாமானுக்கு அரைகுறைச் சிங்களத்தில் அடம்பிடிக்கிறார்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலிலும் கச்சான் கடைகள் அப்படியே வரிசையாக இருக்கும், சில முகங்களும் அதே முகங்கள். எந்த அரசியல் தீர்வும் இந்தக் கடைத்தெருவிலிருந்து வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. காணியைப் பிடித்து வைத்திருப்பவர்கள் கச்சான் வாங்கினதற்காகக் காணியை விடமாட்டார்கள்.

காணி என்றதும் இரணைதீவைச் சொல்லத்தான் வேண்டும். பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த அந்தத் தீவின் மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து முழங்காவில் பக்கம் கரையில் குடியேறினார்கள். அந்த இடத்துக்கு இரணைமாதா நகர் என்று பெயர் வைத்தார்கள். தீவில் கடற்படை இருந்தது. போர் முடிந்த பிறகும் போய்க் குடியிருக்க விடவில்லை. 2017 மே 1ஆம் திகதி அவர்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் பார்த்தார்கள். பதில் வரவில்லை. 2018 ஏப்ரல் 23 அன்று யாரிடமும் கேட்காமல் படகுகளில் ஏறித் தீவுக்குப் போய், தங்கள் கோயிலடியில் இறங்கி, செபித்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அரசாங்கம் பிறகுதான் சம்மதித்தது. பெண்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். அந்தத் துணிவைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒரு வருடம் ஒரு போராட்டக் கொட்டிலில் மாறி மாறி இருப்பதற்கு முறை போட வேண்டும். சமைக்க வேண்டும். அரிசி சேர்க்க வேண்டும். காசுக்குக் கணக்கு வைக்க வேண்டும், அந்தக் கணக்கில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. யார் நன்றாகப் பேசுவார், யார் சண்டையை விலக்குவார், யாரை நம்பிப் படகையும் எண்ணெயையும் கொடுக்கலாம் என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பழக்கம் ஒரே இரவில் வராது. பெருநாளுக்கும் சந்தைக்கும் அன்னதானத்துக்கும் என்று வருடக்கணக்காக ஒன்றாக வேலை செய்து பழகிய கைகளுக்கே வரும். அதனால்தான் சந்தையில் எத்தனை ரூபாய் சேர்ந்தது என்று மட்டும் பார்ப்பவர்களோடு எனக்குக் கோபம் வருகிறது.

நீங்கள் சொன்ன குறைகளில் நியாயமானவையும் உண்டு. ஏலத்தில் பொருள் கொடுத்தவர் பெயரையும் கேட்டவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பது எனக்கும் பிடிக்கவில்லை. நான்கு முட்டை கொண்டுவந்த வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். இதைப் பங்குச் சபையில் சொல்லியிருக்கிறேன். பொருளின் பெயரைச் சொன்னால் போதும், ஆளின் பெயர் வேண்டாம் என்று. இன்னும் முடிவாகவில்லை. வேலையெல்லாம் பெண்கள் தலையில் விழுகிறது என்பதும் உண்மை. விடிய மூன்று மணிக்கு எழும்பி வடைக்கு உழுந்து அரைப்பது அவர்கள், மைக்கைப் பிடித்து நன்றி சொல்வது ஆண்கள். இது மாறத்தான் வேண்டும். போன முறை கணக்கை ஒரு இளம் பெண் எழுதினாள், அன்று பின்னேரமே அறிவித்தல் பலகையில் ஒட்டினாள். முந்திய வருடங்களில் அது ஒட்டுவதற்கு ஒரு மாதம் போகும்.

இன்னொரு குறையை நீங்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் ஏலத்தில் நின்றார். ஆசிரியர் சேவலைத் தூக்கி நூறு ரூபாய் என்று தொடங்கவும், இவர் ஒரேயடியாக 25,000 என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் நல்ல மனதோடுதான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அன்று ஏலம் ஏலமாக இருக்கவில்லை. முன்னூறு ரூபாய் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாம் அதைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். கோயிலுக்குப் பெரிய தொகை கிடைத்தது. சனம் மறுபடியும் வரிசையில் நிற்கும் சனமாகிவிட்டது, அவ்வளவுதான். கூரைக் காசு முழுவதையும் நீங்கள் அனுப்பி, இனிச் சந்தை தேவையில்லை என்று சொன்னாலும் இதேதான் நடக்கும் என்பது என் பயம்.

உங்கள் பக்கத்தையே பாருங்கள். ஸ்காபரோவில் உங்கள் சபையில் கோடை காலத்தில் றோல்ஸும் அப்பமும் கொத்தும் விற்று நிதி சேர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஆளுக்கு நூறு டொலர் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் முடிகிற விஷயம். ஏன் அப்படிச் செய்யவில்லை? இரண்டு வேலை செய்து களைத்தவர்கள் சனிக்கிழமை இரவெல்லாம் ஒரு நிலக்கீழ் அறையில் கூடி நின்று றோல்ஸ் சுற்றுகிறீர்கள். அந்த இரவில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே தேவை இங்கேயும் இருக்கிறது. பட்டவர்களுக்கு அது குறைவாக அல்ல, கூடுதலாகத் தேவை.

அப்படியானால் உங்கள் காசு எதற்கு? கூரைக்குக் கொடுங்கள், ஆனால் பாதி. மற்றப் பாதியைப் பங்கு தானே சேர்க்கட்டும், இரண்டு வருடம் பிடித்தாலும் பிடிக்கட்டும். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. சந்தைக்குப் பலகாரம் சுடும் பெண்களுக்கு முன்கூட்டியே உழுந்தும் சீனியும் எண்ணெயும் வாங்கக் கையில் காசு இல்லை. சங்கக்கடையில் கடன் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் நுண்கடன்காரரிடம் போகிறார்கள். வடக்கில் நுண்கடனால் பெண்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்குப் போனது. கோயிலுக்குக் கொடுப்பதற்காக ஒரு தாய் கிழமை வட்டிக்குக் கடன் வாங்குவது பெரிய அநியாயம். ஒரு சிறு தொகையை மாதர் ஒன்றியத்தின் பெயரில் சுழற்சி நிதியாக வைத்தால், சந்தைக்கு முதல் வட்டியில்லாமல் எடுத்து, விற்றபிறகு அசலைத் திருப்பிக் கட்டலாம். அடுத்த வருடம் அதே காசு வேறு கைகளுக்குப் போகும். சந்தை இல்லாத மாதங்களில் பலகாரத்தைச் சந்திக் கடைகளுக்குப் போடவும் அதே காசு உதவும். கணக்கு எழுத அந்தப் பெண் இருக்கிறாள்.

இரண்டாவது, வண்டி. உள்ளூர்க் கிராமங்களிலிருந்தும் கரையோரத்திலிருந்தும் வயதானவர்கள் வர ஆசைப்படுகிறார்கள், பஸ் இல்லை. அந்த ஒரு நாளுக்கு இரண்டு வான் பிடித்து விடுங்கள். கரையிலிருந்து கருவாடு கொண்டுவரும் பெண்கள் மூட்டையோடு மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் குந்தி வருகிறார்கள், அவர்களையும் ஏற்றலாம். மூன்றாவது, முடிந்தால் ஒரு தண்ணீர்த் தாங்கி. மாசி வெயில் உங்களுக்கு மறந்திருக்கும்.

அடுத்த வருடம் பிள்ளைகளோடு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மாசி கடைசிக் கிழமைக்கு ரிக்கற் போடுங்கள். முதல் நாளே வந்தால் மாவறுக்கிற இடத்தில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கும், பிள்ளைகளுக்கும் இருக்கும். அவர்களுக்குத் தமிழ் குறைவென்றால் பரவாயில்லை, தேங்காய் துருவுவதற்கு மொழி வேண்டாம். வடகம் அந்த அம்மாவிடம் வாங்குங்கள், விலை பேச வேண்டாம். ஏலத்தில் நிற்க ஆசை வந்தால் நில்லுங்கள். முதல் ஆளாகக் கேட்காமல், நாலைந்து பேர் கேட்ட பிறகு ஐம்பது ரூபாய் கூட்டிக் கேளுங்கள். எதிர்ப் பக்கத்தில் யாராவது விடாமல் கேட்டால் ஒரு சுற்றுப் பொருதிவிட்டு விட்டுக்கொடுங்கள்.

சுழற்சி நிதிக்கு எவ்வளவு வேண்டும், யார் பொறுப்பு, எப்படித் திருப்பிக் கட்டுவது என்று மாதர் ஒன்றியத்தோடு வருகிற ஞாயிறு பேசுகிறோம். விவரத்தைத் தனியாக எழுதி அனுப்புகிறேன். அதுவரை அங்கே பத்துப் பேரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், அவர்கள் மறுத்துச் சொல்வதையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளர்
கிளிநொச்சி